கார் பாலிஷ்: கீறலைத் துரத்திப் பூச்சை இழக்காதீர்கள்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கோலாலம்பூரின் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்), பாலிஷ் மெஷினும் கையுமாக வாசலில் நிற்கும் இளைஞர்களைக் காணலாம். பட்டறையில் பழகுநர்கள் ஒரு காலத்தில் திட்டு வாங்கிய அதே தவறுகளை அவர்கள் இப்போது வீட்டில் செய்கிறார்கள். மண் ஒட்டிய துணியால் தேய்க்கக்கூடாது என்பது போன்ற, எல்லாரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் கழுவுதல்

வேண்டாம். சூடான தகட்டில் ஷாம்பு அலசும் முன்பே காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும்.

பாத்திரம் கழுவும் திரவம்

எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

எடுத்த எடுப்பில் காம்பவுண்ட்

காம்பவுண்ட் என்பது பூச்சைச் சீவும் கரடான தேய்ப்புப் பசை. இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது, முதலிலேயே அதை எடுப்பதுதான். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். தலைமுடி அதைவிடத் தடித்தது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் அந்தப் பூச்சைச் சார்ந்தவை. பாலிஷ் கீறலை நிரந்தரமாக நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சீவி மட்டமாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஒரு தம்பி தன் கறுப்பு மைவி காரைக் கொண்டுவந்தார். கதவில் இருந்த ஒரே ஒரு கீறலுக்காகக் கரடான காம்பவுண்டையும் கம்பளிப் பேடையும் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் மாட்டி, கதவின் மடிப்பு விளிம்பிலேயே அழுத்தித் தேய்த்திருக்கிறார். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும். சூடும் அங்கேதான் குவியும். பேடில் கறுப்பு ஏறியதை அழுக்கு என்று நினைத்துத் தொடர்ந்திருக்கிறார். அது காரின் நிறம். கிளியர் கோட் அதற்குள் போய்விட்டது. விளிம்பு நெடுக மங்கலாக ஒரு கோடு நின்றது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டால் போய்விடுமா?" என்று கேட்டார். அந்தக் கதவுக்குப் புதிதாகச் சாயம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இத்தனைக்கும் அந்தக் கீறல் அப்படியே இருந்தது!

நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறலை வீட்டில் முழுதாக எடுக்க முயலாதீர்கள். தடுக்காவிட்டால், கழுவி, கார் பூச்சுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டுத்துகள்களை நீக்கி, விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, இரண்டடிச் சதுரத்துக்குள் ஓர் இடத்தில் மட்டும் மென்மையான ஸ்பாஞ்சையும் நைஸான பாலிஷையும் வைத்துச் சோதியுங்கள். மெஷின் வாங்குவதானால், சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் வகையே புதியவர்களுக்கு ஏற்றது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி குறைந்துவிடும் என்பதால் பூச்சை எரிக்கும் ஆபத்து குறைவு. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலைத் தற்காலிகமாக மறைக்கும். எனவே தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பலனை முடிவு செய்யுங்கள். அப்போதும் போதவில்லை என்றால்தான் ஒரு படி கரடான பாலிஷுக்குப் போகலாம்.

காய்ந்த பறவை எச்சம்

சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சில நிமிடங்கள் போட்டு ஊறவைத்து, பிறகு மெல்லத் தூக்கி எடுங்கள்.

தரையில் விழுந்த மைக்ரோஃபைபர் துணி

உதறிவிட்டு மறுபடி தொடாதீர்கள். அது இனி டயர் துடைக்க.