வானத்திலிருந்து வயலைப் பார்க்கும் தொழில்: குமரியில் சறுக்கும் இடங்கள்

செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பயிர் நிலவரம் சொல்லும் தொழிலைக் குமரி மாவட்டத்தில் தொடங்க நினைக்கும் பெண்ணா நீங்கள்? பரந்த டெல்டா வயலுக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். 25 சென்ட் வயலுக்கு மொத்தமே பத்துப் புள்ளிதான் தேறும். அதிலும் ஓரத்துப் புள்ளிகளில் வரப்புத் தென்னையும் பக்கத்து வயலும் கலந்துவிடும். இதை வைத்து, ‘உங்கள் வயல் மூலையில் நோய்’ என்று சொல்லிக் காசு வாங்குவது சரியில்லை. ஏலா (சேர்ந்து கிடக்கும் நெல்வயல் பரப்பு) முழுவதையும் பார்த்து, எந்தப் பகுதி பிந்துகிறது என்று சொல்லலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகள், அதாவது மேட்டுத் தோட்டங்கள், இன்னும் சிக்கல். மேலே தென்னை, கீழே வாழை, இடையில் மரச்சீனி (மரவள்ளி). படத்தில் பெரும்பாலும் தெரிவது தென்னை ஓலைதான். அங்கே வாழையைக் கண்காணிப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மேகம். இங்கே நெல் இரண்டு போகம்: முதல் போகமான கன்னிப்பூ தென்மேற்குப் பருவமழையிலும் இரண்டாம் போகமான கும்பப்பூ வடகிழக்கிலும் மாட்டிக்கொள்ளும். 5 நாளுக்கு ஒரு படம் என்று விளம்பரம் செய்துவிட்டு, வாரக்கணக்கில் மேகத்தையே பார்த்து முழிக்க நேரும். மேகத்தின் நிழல் வாடிய பயிர்போலக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும். நடவுக்குத் தண்ணீர் கட்டியதை அறிய உதவும். இலையின் பச்சையை அது அளக்காது.

படத்தில் பயிரின் பச்சையைக் காட்டும் எண் குறைந்தாலே பதறுவதுதான் பெரிய தவறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும், பச்சையின் அளவும் சரியும். அந்த நேரத்தில் போய் ‘உங்கள் தோட்டம் பட்டுப்போகிறது’ என்றால் ரப்பர்க்காரர் சிரித்து அனுப்பிவிடுவார். நெல் முற்றும்போதும் இதே சரிவுதான். போன வருஷம் இதே மாதத்தோடும், ஒரே சமயம் நட்ட பக்கத்து வயலோடும் ஒப்பிடுங்கள். காரணம் தண்ணீரா, தழைச்சத்தா, புகையான் பூச்சியா என்பதை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பட்டாவில் பெயர் இருப்பவர் வெளியூரில் இருக்கலாம். பயிர் வைத்திருப்பவர் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்தவராக இருக்கலாம். செய்தி அவருக்குப் போக வேண்டும். வண்ண வரைபடமெல்லாம் தேவையில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல்பதிவு போதும்: “அக்கா, கடைமடை வயலை நாளைக்குக் காலையில ஒருக்கா பாருங்க.” கட்டணத்தையும் ஏலாக்காரர்கள் எல்லோரிடமும் சேர்த்துப் பேசுங்கள். 25 சென்ட்காரர் தனியாக மாதச் சந்தா கட்டமாட்டார்.