தமிழ் தெரியாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது எப்படி?

திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஜூன் மாதத்தோடு அட்மிஷன் முடிந்தது என்பதெல்லாம் பழைய கதை. தீபாவளி கழித்தும் வருவார்கள், பொங்கல் கழித்தும் வருவார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்த ஒரு குடும்பம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எச்.எம். அறை வாசலில் நிற்கும். மாற்றுச் சான்றிதழ் இருக்காது. அதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் சேர்த்துவிடுவோம். சரி, சேர்த்தாயிற்று, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பிள்ளையை நான்காம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் என்ன செய்வது?

வழக்கமாக நடப்பது: கடைசி பெஞ்ச், அ ஆ எழுதிய நோட்டு, 'பார்த்து எழுது'. மாதக்கணக்கில் எழுதினாலும் இதில் கைதான் பழகும். என் கட்சி ஒன்றுதான். அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒன்றுக்கு இரண்டு மொழியோடு வந்திருக்கிறது, அவற்றைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வர வைப்பதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் வழி.

முதலில் என்ன மொழி என்று கேளுங்கள்

விண்ணப்பத்தில் 'தாய்மொழி: இந்தி' என்று நாமே எழுதிவிடுகிறோம். பீகார் என்றால் இந்தி, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ மகஹியாகவோ இருக்கலாம். ஜார்க்கண்ட் பிள்ளை என்றால் சந்தாலியாகக்கூட இருக்கலாம், அது இந்தியோடு ஒட்டோ உறவோ இல்லாத முண்டா குடும்பத்து மொழி. பெற்றோரைக் கேட்டாலும் 'இந்தி' என்றுதான் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்ன 5 கோடிப் பேரை இந்திக்குக் கீழேதான் வைத்திருக்கிறது, அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

அதனால் 'உன் தாய்மொழி என்ன' என்று கேட்காதீர்கள். அம்மாவிடம் எதில் பேசுவாய், ஊரிலிருக்கும் பாட்டி போனில் எதில் பேசுவார், தம்பியோடு சண்டை போடுவது எதில், ஊர்ப் பள்ளியில் எந்த எழுத்தில் எழுதினாய் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வேறொரு எழுத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும், எந்த எழுத்துமே தெரியாத பிள்ளைக்கும் நீங்கள் செய்யவேண்டிய வேலை வேறு வேறு.

இதையே மொத்த வகுப்புக்கும் ஒரு படவேலையாகச் செய்யலாம். ஒரு தாளில் மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும் வரைந்து கொடுத்து, உனக்குத் தெரிந்த ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கலர் எடுத்து உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே தீட்டு என்று சொல்ல வேண்டும். கையில் ஆங்கிலம், வாயில் தமிழ், வயிற்றில் ஒடியா என்று என்னென்னவோ வரும். அப்போதுதான் நம்மூர்ப் பிள்ளைகளிலேயே ஒருவன் வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் உருது, இன்னொருத்தி வீட்டில் கன்னடம் என்று வெளியே வரும். மதுரைப் பக்கமானால் சௌராஷ்டிரம் வரும். ஆசிரியர் முதலில் தன் படத்தைப் போட்டுக் காட்டிவிட வேண்டும். வடக்கிலிருந்து வந்த பிள்ளை மட்டும்தான் வேறு மொழிக்காரன் என்ற எண்ணம் அன்றைக்கே பாதி போய்விடும். எல்லாவற்றையும் ஒரே கலரில் தீட்டிவிட்டு 'எனக்குத் தமிழ் மட்டும்தான்' என்று ஒரு பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். கேலிக்குப் பயந்து மறைக்கலாம், அதைத் தோண்ட வேண்டாம்.

பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிகாஷ் என்று வந்தவனை விகாஸ் ஆக்காதீர்கள். ஆதார், எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வகுப்பில் அவன் காதுக்குப் பழகிய சொல் அது ஒன்றுதான்.

பேசாமல் இருக்கும் காலம்

சில பிள்ளைகள் வாரக்கணக்கில், ஏன், சில மாதம்கூட வாயைத் திறக்காது. புது மொழிக்குள் வரும் குழந்தைகளிடம் இது சகஜம், உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். எழுப்பி நிறுத்திப் பதில் கேட்காமல், காட்டச் சொல்லுங்கள், எடுத்துவரச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். பாட்டும் கூட்டாகச் சொல்லும் வாய்ப்பாடும் இந்த நேரத்தில் பெரிய உதவி, தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

எழுத்து: பஸ் போர்டிலிருந்து ஆரம்பியுங்கள்

ஏழாம் வகுப்பு வயதுப் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவான். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்பதால் அவனுக்கு அவசரமும் இருக்கிறது. அவன் தினமும் பார்க்கும் டவுன் பஸ் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவநாகரியோ (இந்தி எழுதும் எழுத்து) வங்காளமோ ஒடியாவோ படித்த பிள்ளைக்கு முதல் குழப்பம், அங்கே க-வுக்கு நான்கு எழுத்து, இங்கே ஒன்றே ஒன்று. 'எந்தக் க?' என்று கேட்கும், நியாயமான கேள்விதான். 'காங்கயம்' என்று எழுதிக் காட்டுங்கள். முதலில் வரும் கா வல்லெழுத்தாக, ங்-க்குப் பின்னால் வரும் க மெலிந்து, இரண்டும் ஒரே போர்டில். 'ஊத்துக்குளி'யில் இரட்டித்து வருவதால் த, க இரண்டுமே அழுத்தம். 'பல்லடம்' ட நடுவில் தனியாக நிற்பதால் மெல்ல ஒலிக்கும். 'அவிநாசி'யில் சி-யும் அப்படித்தான். நான்கு ஊர்ப் பெயரில் கிட்டத்தட்ட முழு விதியும் வந்துவிடும். எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து ஒலியைச் சொல்லவேண்டும், இது பிடிபட்டால் பெரிய மதில் ஒன்று தாண்டியாயிற்று.

சில இடங்களில் அவர்கள் எழுத்தே கைகொடுக்கும். கெ, கே எழுதும்போது கொம்பு இடப்பக்கம் வருவது நம் பிள்ளைகளுக்கே முதலில் தடுமாற்றம், ஆனால் வங்காளமும் ஒடியாவும் தெரிந்தவர்களுக்கு அது பழகிய விஷயம். கோ எழுதும்போது இடதிலும் வலதிலும் குறி போடுவதுகூட அந்த எழுத்துகளில் உண்டு. 'உன் எழுத்தில் எப்படி எழுதுவாய், போர்டில் எழுதிக் காட்டு' என்று சாக்பீஸைக் கையில் கொடுங்கள். புள்ளிக்கும் தேவநாகரியில் அடியில் போடும் ஒரு சாய்கோடு இணையாக இருக்கிறது.

கஷ்டமான இடங்கள் வேறு. எ–ஏ, ஒ–ஓ குறில் நெடில் வித்தியாசம் அந்த மொழிகளில் இல்லை. 'கொடு', 'கோடு', 'எடு', 'ஏடு' என்று ஜோடியாகப் போட்டு, காதால் கேட்டுக் கையைத் தூக்கும் விளையாட்டாகவே செய்யலாம். வங்காளப் பிள்ளை 'மரம்' என்பதை 'மொரொம்' மாதிரி படித்தால் சிரிக்கவும் வேண்டாம், சிரிக்க விடவும் வேண்டாம். அவன் எழுத்தில் அகரம் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கும். ழகரத்துக்கு அவசரமே இல்லை, நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகச் சொல்கிறோம்!

வாக்கியத்தைப் பற்றிக் கவலை குறைவு. இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் வினை கடைசியில்தான் வரும். 'முஜே பூக் லகீ ஹை' என்பதில் வரும் முஜே அப்படியே நம் 'எனக்கு'. 'எனக்குப் பசிக்குது' என்று தமிழில் சொல்ல, இந்தி தெரிந்த பிள்ளை புதிதாக யோசிக்கவே வேண்டியதில்லை. இதே பிள்ளை ஆங்கிலத்தில் வாக்கியம் போடத் திணறுவதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நன்றாகப் பேசுகிறான், ஆனால் கணக்கு வரவில்லை

ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பிள்ளை கிரவுண்டில் சரளமாகக் கத்திக்கொண்டு ஓடும். இனி பிரச்சினை இல்லை என்று நாம் கையை விட்டுவிடுவோம், அங்கேதான் சறுக்கும். அன்றாடப் பேச்சுக்குச் சுமார் 2 ஆண்டு, பாடப்புத்தக மொழிக்கு 5 முதல் 7 ஆண்டு என்பது ஜிம் கம்மின்ஸ் போன்ற மொழிக்கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. தமிழில் இடைவெளி இன்னும் அதிகம், ஏனென்றால் பிள்ளை கிரவுண்டில் கற்றது 'வரேன்', புத்தகத்தில் இருப்பது 'வருகிறேன்'. 'ஒருவரிடம் 48 மாம்பழங்கள் இருந்தன, அவற்றை 6 கூடைகளில் சமமாகப் பிரித்தால்' என்ற கணக்கில் பெரும்பாலும் வகுத்தல் தெரியாமல் இருக்காது, 'சமமாக', 'அவற்றை' இரண்டும்தான் தெரியாது. எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், போட்டுவிடும். பாடம் தொடங்கும் முன் இப்படிப்பட்ட நான்கைந்து சொற்களைப் போர்டு ஓரத்தில் எழுதி, பேச்சுத் தமிழில் விளக்கிவிட்டுப் போனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

அதே மொழி பேசும் இன்னொரு பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்கள் மொழியிலேயே பேசி யோசித்துவிட்டுத் தமிழில் பதில் சொல்லட்டும். ஆனால் அந்தப் பிள்ளையை நாள் முழுக்க மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். முக்கியமாக, ஒரு பிள்ளையைப் பற்றிய புகாரை அதன் அப்பாவிடம் இன்னொரு பிள்ளையை வைத்துச் சொல்லக் கூடாது.

பெற்றோரிடம் 'வீட்டிலும் தமிழ் பேசுங்கள்' என்று அறிவுரை சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம். அவர்களுக்கே அரைகுறையாகத் தெரிந்த தமிழில் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது குறைந்த பேச்சுதான். கதையெல்லாம் அவர்கள் மொழியிலேயே சொல்லட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் அவர்கள் மொழியில், வகுப்பில் தமிழில் என்று படிக்க வைத்தால் கதை முன்பே தெரிந்திருப்பதால் தமிழ் வரி பிடிபடும்.

ஒன்று நிச்சயம் நடக்கும்: சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போவார்கள், திரும்ப ஒரு மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். போகும் முன் நோட்டையும் இரண்டு கதைத்தாளையும் கையில் கொடுத்துவிடுங்கள். நீண்ட விடுப்பு என்றதும் எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, தள்ளிவிட்டால் திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும். தள்ளும் முன் அந்த அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, எப்போது டிக்கெட் என்று கேட்டுவிடுங்கள்.