கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: எந்தக் கட்டத்தில் என்ன செலவு, எப்படிச் சமாளிப்பது

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள் என்று குளோபோகான் என்கிற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கணக்கு சொல்கிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். எச்.பி.வி. வைரஸ் தொற்றி அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து வருஷத்துக்குள் பிடித்துவிட்டால் செலவு பெரிதாக இல்லை, அரசு மருத்துவமனை என்றால் பஸ் காசோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் லட்சத்தில் போகும். அதனால் நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்து அங்கிருந்து படியுங்கள்.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் முதல் வேலை எச்.பி.வி. தடுப்பூசி. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023-ல் கடைக்கு வந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. கார்டசில் 9 என்கிற இன்னொரு ஊசியை வாங்கினால் ஒரு டோஸே பத்தாயிரத்தைத் தாண்டும். பதினைந்து வயதுக்கு முன் போட்டால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், அதற்குப் பிறகு மூன்று என்பது வழக்கமான முறை. 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது, இதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போடுவதாக அறிவித்தது. காசு கொடுத்துப் போடுவதற்கு முன் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஊசி போட்டாயிற்று, இனி பரிசோதனையே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

அடுத்தது 30 வயது தாண்டியவர்களுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாலும் பரிசோதனை செய்ய வேண்டும், ஒன்றுமில்லாதபோது செய்வதற்குத்தான் அது இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் செய்வது வி.ஐ.ஏ. என்கிற எளிய சோதனை: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இலவசம், முடிவு அங்கேயே தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். இவ்வளவு எளிதான ஒன்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் திண்டுக்கல் மாவட்டமே பதில். 2000-ல் தொடங்கி அங்கே கிராமத்துப் பெண்களுக்கு நர்ஸ்களை வைத்து ஒரே ஒரு சுற்று வி.ஐ.ஏ. செய்தார்கள். ஏழு வருஷத்தில் சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைவாக இருந்தது. இருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்த லட்சணத்தில் நாம்தான் நாட்டிலேயே முன்னால் நிற்கிறோம்!

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். முந்தைய இரண்டு நாட்கள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்க்கவும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வி.ஐ.ஏ. அவ்வளவு சரியாக வராது, அவர்கள் பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயில் செல்களைத் தடவி எடுத்துப் பார்ப்பது) எச்.பி.வி. சோதனையோ கேட்டுச் செய்யலாம். திட்டு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. உறைய வைத்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை அகற்றிவிட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவற்றில் எது இருந்தாலும் ஐந்து வருஷக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது நாள் குறித்தால், அதற்கு முன் கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்களா, பாப் ஸ்மியரோ பயாப்சியோ (சின்னச் சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். சாதாரணமாக எடுத்துப் போட்ட பிறகு அதில் புற்று இருப்பது தெரிந்தால், ஆபரேஷன் செலவும் போய், கதிர்வீச்சுச் செலவும் தனியாக வந்து, குணமாகும் வாய்ப்பும் குறையும்.

நோய் என்று உறுதியானால்? ஆரம்ப நிலையில் ஆபரேஷன். கொஞ்சம் பரவியிருந்தால் ஐந்து வாரத்துக்கு மேல் வாரம் ஐந்து நாள் கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு) வைப்பார்கள், கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்து, கடைசியில் சில தடவை கர்ப்பப்பை வாய்ப் பக்கத்திலேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள் கதிர்வீச்சு. தனியாரில் இது லட்சங்களில்தான் நிற்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்தக் காப்பீட்டு அட்டை இல்லையா? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். நோய் வந்த பிறகு தனியார் இன்சூரன்ஸ் எடுக்க ஓடுவதில் பலனில்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

ஒரு யோசனை: கதிர்வீச்சு வசதி இருக்கும் இடத்துக்கே நேராகப் போய்விடுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, சென்னை அடையார் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என்று எது உங்களுக்குப் பக்கமோ அது. நாலு இடம் சுற்றினால் அதே எம்.ஆர்.ஐ.யை மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அந்தக் காசை எந்த அட்டையும் திருப்பித் தராது.

என்னைக் கேட்டால் குடும்பத்தைச் சாய்ப்பது மருத்துவமனை பில்லைவிட அட்டையில் வராத செலவுதான். ஆறேழு வாரம் தங்க வாடகை, சாப்பாடு, நோயாளியின் கூலியோடு கூடப் போகிறவரின் கூலியும் போவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். சிகிச்சை தொடங்கும் முன்பே இதற்கு ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். காசு தீர்ந்து பாதியில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது மட்டும் கூடாது. கரண்டும் உள் கதிர்வீச்சும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் குறைந்தால் ஏற்ற வேண்டியிருக்கும், கொடுக்க நாலு பேரை முன்பே சொல்லி வையுங்கள். தங்க இடமில்லை, கைச்செலவுக்கு இல்லை என்றால் வெட்கப்படாமல் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. சிகிச்சை முடிந்தும் முதல் இரண்டு வருஷம் சில மாதங்களுக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போக வேண்டியிருக்கும், அப்போதும் இது செல்லும்.