கத்திரி வெயிலில் கார்: விடியற்காலையில் முடிக்க வேண்டிய வேலைகள்

வேலூரில் குடியிருப்பவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே 4 முதல் 28 வாக்கில், கத்திரி என்று நாள்காட்டியில் போட்டிருக்கும். இங்கே அதற்கு முன்பே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும்.

புதிதாகக் கார் வாங்கியவர்கள் இந்த நாட்களில் கேட்கும் முதல் கேள்வி, "ஏசி ஏன் குளிரவில்லை?" என்பதுதான். அதைப் பிறகு பார்ப்போம். பானெட்டைத் திறந்து செய்யும் வேலையோ, டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலையோ, எதுவானாலும் கார் இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகுதான். காலை ஆறு மணி நல்ல நேரம். ஒரு டார்ச், பழைய துணி, பழைய பல் பிரஷ், காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர் இவை போதும்.

முதல் வேலை: கூலன்ட்

கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக, பாதி ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அது இருக்கும். அதன் பக்கவாட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் உள்ளே நீர்மட்டம் நிழலாகத் தெரியும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கலாம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் சரி. கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் ஊற்ற வேண்டும்.

எதை ஊற்றுவது? இங்குதான் பலர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை நாலு நாள் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்: சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படலம். அதுவேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட்டோ எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் துருத் தடுப்பு மருந்தும் சேர்ந்தது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 106 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடிய அமைப்புக்குள் இருக்கும் அழுத்தம் அந்த அளவை இன்னும் உயர்த்துகிறது. என்ஜின் 90 டிகிரியை ஒட்டியே ஓடுவதால் இந்த இடைவெளிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. காரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் வகையையே வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதை டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருக்கும் இந்த விஷத்தை நாய்கள் நக்கிவிடும்.

நிரப்பிய பிறகும் வாராவாரம் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

மூடியை மூடிவிட்டு என்ஜினைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். சற்று நேரத்தில் முன்பக்க விசிறி சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் சுங்கச்சாவடி வரிசையிலோ நகர நெரிசலிலோ மாட்டிக்கொள்வீர்கள். கார் ஓடும்போது அடிக்கும் காற்று, நிற்கும்போது கிடைக்காது.

இரண்டாவது: டயர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவிலோ தூணிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐக்குள் (காற்றழுத்த அளவு) வரும்; முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறினால் ஸ்டிக்கரிலேயே கூடுதல் அளவு தனியாகப் போட்டிருப்பார்கள்.

வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். ஆகவே பகலில் நெடுஞ்சாலையில் நிறுத்திப் பார்த்தால் 33 இருந்த இடத்தில் 37 காட்டும். பயந்துபோய்க் காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்றுக் குறைந்த டயர்தான் தார்ச்சாலையில் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடிக்கிறது.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் கடந்து ஓரங்களில் வெடிப்பு விட்டிருந்தால், பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல்பகுதி) தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே சோதனை. நைட்ரஜன் நிரப்பச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பேட்டரி

வெயில் பேட்டரியின் ஆயுளைச் சத்தமில்லாமல் தின்னும். கம்பி மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், மைனஸ் கம்பியை முதலில் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். உலர்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். தேய்க்கும்போது அந்தப் பூத்த தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் அமிலம் இருக்கும். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

ஏசி

பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் காகித ஃபில்டர் ஒன்று இருக்கும். கழற்றிப் பாருங்கள், முருங்கை இலையும் தூசியும் மண்டிப்போன ஃபில்டரை வைத்துக்கொண்டு கேஸ் நிரப்பச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும். மதியம் காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அனல் வெளியேறியதும் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றே சுழலும் பொத்தானைப் போடுங்கள். காருக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

நிறுத்தும்போது

மூடிய கார் வெயிலில் நின்றால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பங்கு சூடு ஏறிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் கூடும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் பயனில்லை. குழந்தையை, வயதானவரை, நாய்க்குட்டியை "ரெண்டே நிமிடம்" என்றுகூட விட்டுப் போகாதீர்கள். லைட்டர், வாசனை ஸ்ப்ரே, சானிடைசர், பவர் பேங்க் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

முன்கண்ணாடிக்கு மடக்கும் திரை நல்லது. கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் அபராதம் வரும். 2012-இல் உச்ச நீதிமன்றமே தடை விதித்தது. மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சத்தை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். காய்ந்ததைத் தேய்த்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

டேங்க் நிரப்பினால் வெடிக்கும் என்று கோடைதோறும் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது.

மீறிச் சூடேறிவிட்டால்

சிவப்பு வெப்பமானி விளக்கு எரிந்தால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள். 40 டிகிரியில் ஹீட்டரா என்று தோன்றும்; அது என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

ஒரு மே மாதம் ஆம்பூரைத் தாண்டி எனக்கு இது நடந்தது. ஆவி கிளம்பியதும் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கையை நீட்டினேன். பின்னால் நிறுத்திய லாரி ஓட்டுநர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். "கை வைக்காதே தம்பி, முகம் வெந்துபோகும்." என் கையிலிருந்த ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்; சுட்டுக் கிடக்கும் என்ஜினில் அதை ஊற்றினால் அதன் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடுமாம். புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பாட்டிலில் பாதியை அவரே குடித்துவிட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, கால் திருப்புத் திருப்பி நிறுத்தினார். உஸ்ஸென்று காற்றுப் போனது. அது அடங்கிய பிறகே முழுதாகத் திறந்து, வண்டியிலிருந்து கொண்டுவந்த சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்.

வாணியம்பாடி வரை மெல்ல ஓட்டிப் போய் மெக்கானிக்கிடம் காட்டினேன். ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து, அதன் வழியே கூலன்ட் பல நாட்களாகக் கசிந்திருக்கிறது. புதுக் கிளிப்புக்கு நாற்பது ரூபாய் வாங்கினார்.