மாணவர் கட்டுரைக்குக் குறிப்பு எழுதும் முறை

கல்லூரியில் அசைன்மென்ட் கட்டுரைகளைத் திருத்தும்போது நாம் வழக்கமாக எழுதும் "தெளிவில்லை", "விரிவாக எழுதவும்", "நன்று" என்ற குறிப்புகளை எந்த மாணவரின் தாளுக்கு மாற்றி எழுதினாலும் பொருந்திவிடும். அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களில் 35 ஆசிரியர்களின் திருத்தங்களை ஆராய்ந்து 1982இல் எழுதிய நான்சி சோமர்ஸ் இதே குறையைச் சுட்டினார். ஒரே பத்தியில் காற்புள்ளியையும் திருத்தி, அந்தப் பத்தியையே மாற்றி எழுதும்படியும் சொன்னால் மாணவர் எதைச் செய்வார் என்பது அவர் எழுப்பிய இன்னொரு கேள்வி. ஆகவே, கருத்து இன்னும் நிலைபெறாத பத்தியில் எழுத்துப்பிழைகளைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. அவற்றுக்கு அடுத்த படியில் நேரம் உண்டு.

முதுகலை வரலாற்று வகுப்பில் தென்னிந்தியாவை வாட்டிய 1876–78 பஞ்சத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பக்கத்தில் "பருவமழை பொய்த்ததே பஞ்சத்துக்குக் காரணம்" என்ற வாக்கியம் இருக்கிறது. அதன் ஓரத்தில் "ஆழமில்லை" என்று எழுதினால், எங்கே தோண்டுவது என்று மாணவருக்குத் தெரியாது. நான் எழுதுவது இப்படி இருக்கும்: "பக்கம் 2இல் மழை பொய்த்ததே காரணம் என்கிறீர்கள், பக்கம் 4இல் அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியதை எடுத்துக்காட்டுகிறீர்கள். நாட்டில் தானியம் இருந்தும் மக்கள் ஏன் பட்டினி கிடந்தார்கள்? தானிய விலையையும் அன்றைய கூலியையும் ஒரே பத்தியில் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு பக்கம் 2இன் அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்."

இந்தக் குறிப்பு இடத்தைக் காட்டுகிறது, மாணவர் தாமே திரட்டிய சான்றைக் கொண்டே கேள்வி கேட்கிறது, ஓர் அமர்வில் முடிக்கக்கூடிய வேலையைத் தருகிறது. விடையை மட்டும் நான் எழுதுவதில்லை. எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே சேர்த்துத் தருவார்கள், அந்த வாக்கியம் என்னுடையதாகவே இருந்துவிடும்.

எவ்வளவு நல்ல குறிப்பாக இருந்தாலும், கட்டுரை முடிந்து மதிப்பெண் பதிவான பின் வந்தால் அதனால் பயனில்லை. எட்ட வேண்டிய தரம் எது என்பதை மாணவர் அறிய வேண்டும், தம் எழுத்தை அதனோடு ஒப்பிட வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்ய வேண்டும் என்று 1989இல் கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் வகுத்த மூன்று தேவைகளில் கடைசித் தேவைக்கு அங்கே வழியே இருப்பதில்லை. அதனால் செமஸ்டரின் எட்டாம் வாரத்தில் வரைவை வாங்கிக் குறிப்பெழுதித் திருப்பித் தருகிறேன். பன்னிரண்டாம் வாரத்தில் வரும் திருந்திய வடிவத்துக்கே அக மதிப்பீட்டு மதிப்பெண். வரைவில் எண் எதையும் எழுதுவதில்லை. இஸ்ரேலியப் பள்ளி மாணவரிடையே ஆய்வு செய்து ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட முடிவுகளில், குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினர். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பயன் மறைந்துபோனது. அவர்கள் சிறுவர்கள்தாம், ஆனால் தாளை வாங்கியதும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் வழக்கத்தை என் வகுப்பிலும் காண்கிறேன்.

குறிப்பு எழுத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், எழுதியவரைப் பற்றியதாக அன்று. "கவனக்குறைவு" என்பது மாணவர்மீது சொல்லும் குற்றம். "மூன்று மேற்கோள்களுக்குப் பக்க எண் இல்லை" என்பது அவர் இன்றே சரிசெய்யக்கூடிய செய்தி. பாராட்டுக்கும் இது பொருந்தும்: "அருமை" என்பதைவிட "இந்தப் பத்தியில் எதிர்வாதத்தை முதலில் சொல்லிப் பின் மறுத்தது வலுவாக இருக்கிறது, மூன்றாம் பத்தியிலும் இதைச் செய்யுங்கள்" என்பது உதவும். வகுப்பில் "நீ" என்றே அழைப்பவர்களுக்கும் தாளில் "நீங்கள்" என்றே எழுதுகிறேன். எழுத்தில் "நீ" குரலின் கனிவை இழந்து கடுமையாகிவிடுகிறது.

அறுபது பேர் உள்ள வகுப்பில் தாளுக்குக் கால் மணி நேரம் என்றால் பதினைந்து மணி நேரம் ஆகும். நம்மில் பலரைத் தயங்கவைப்பது இதுவே. முதல் பத்துத் தாள்களைக் குறிப்பெழுதாமல் படித்தால் பலருக்கும் பொதுவான பிழைகள் புலப்படும். அவற்றை ஒரே பக்கத்தில் எடுத்துக்காட்டுடன் எழுதி வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டு, தனித்தனித் தாளில் அந்த மாணவருக்கே உரிய இரண்டு குறிப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திருந்திய கட்டுரையோடு, எந்தக் குறிப்புக்காக எதை மாற்றினேன், எதை ஏற்கவில்லை, ஏன் என்று மாணவர் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. கட்டுரைக்கு முன் அதைத்தான் படிக்கிறேன். நான் கேட்டதை விட்டு வேறெதையோ மாற்றியிருந்தால், முதலில் என் குறிப்பை எடுத்து மீண்டும் படிக்கிறேன். இருவர், மூவர் ஒரே விதமாகப் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தால், அடுத்த ஆண்டுக்கான பொதுப் பக்கத்தில் அதை வேறு சொற்களில் எழுதி வைக்கிறேன்.