அரிசி வந்து சேரும், சிலிண்டருக்குத்தான் ஆள் இருக்காது

தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. ஆறு வருடமாக ரசீது புத்தகம் என் கையில். போன புரட்டாசி முடிந்ததும் அறையைத் திறந்து எண்ணினேன்: 14 அரிசி மூட்டை. அடியில் கிடந்த இரண்டில் வண்டு. அதே வாரம் சமையல்கார அக்கா போன் செய்து, “சார், கேஸ் தீந்துபோச்சு, ஸ்பேரும் இல்ல” என்றார். வங்கிக் கணக்கில் 1,140 ரூபாய். கடைகளுக்குப் போடும் 19 கிலோ சிலிண்டருக்கு அது காணாது.

தப்பு கொடுத்தவர்கள் மேல் இல்லை. நோட்டீஸில் “அரிசி, பருப்பு தந்து உதவுங்கள்” என்று அச்சடித்தது நாங்கள்தான். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அரிசி என்றால் கை தானாக நீளும். சிலிண்டருக்கு நீளாது. ட்யூப்லைட்டில் ‘உபயம்’ எழுதலாம், சிலிண்டரில் எங்கே எழுதுவது?

“உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்பதும் அதே ரகம். முடிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கையில் வரும் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது ஒரு நாள் கணக்கை அப்படியே சொல்கிறோம். 42 பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு சுமார் 1,900 ரூபாய். அதில் அரிசி வெறும் 350. மீதியெல்லாம் பருப்பு, எண்ணெய், காய், கேஸ், அக்காவின் சம்பளம், ஆட்டோ. கேட்பவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “அப்ப ஆட்டோ செலவ நான் பாத்துக்கிறேன்” என்று சொன்னதுண்டு.

சம்பளத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். “சேவைக்கு எதுக்குச் சம்பளம்?” என்று கேட்க ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நாங்களும் பயந்து முதல் இரண்டு வருடம் அதை ‘இதர செலவு’ என்று எழுதினோம். யாரோ கூட்டிப் பார்த்து, ‘இதர’வில் இவ்வளவு பெரிய தொகை ஏன் என்று கேட்டபோது பதில் சொல்லக் கூசியது. காலை ஆறு மணிக்கு வந்து 42 பேருக்குச் சமைக்கிறவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று, ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அது இலவசம் என்பதால், வீட்டில் மிஞ்சியதைச் சேர்த்து மூட்டையாகக் கொண்டுவந்து இறக்க ஆட்கள் வருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் ரேஷன் அரிசியை மூட்டையாக வைத்திருந்தால் கடத்தல் என்று பிடிக்க இடமுண்டு. கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பணம் வரும் காலத்தைக் கணிக்காததுதான் எங்களைப் பலமுறை கவிழ்த்தது. புரட்டாசிச் சனி, தீபாவளி, பொங்கல் என்றால் உண்டியல் நிறையும். பிறந்தநாளும் திதியும் அங்கங்கே தாங்கும். ஜூன் வந்தால் பள்ளிக்கூட ஃபீஸ், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம் என்று ஊரே கையைப் பிசையும். பசிக்கு ஜூன் தெரியாது. அதனால் தீபாவளிக்கு ஒரே தடவையாக 5,000 கொடுக்கிறவரிடம், “மாசம் 400 கொடுங்கண்ணே” என்று கேட்கிறேன். சிலர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். ஆனாலும் இப்போது எங்கள் அடுப்பு எரிவது மாதம் 200, 300 கொடுக்கும் அறுபது பேரால்தான்.

“வடலூர்ல மூட்டின அடுப்பு இன்னும் அணையலையே, நல்லது ஆரம்பிச்சா தானா நடக்கும்” என்று கமிட்டியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியது உண்மை. அதற்காகப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்ததும் உண்மை. அந்த இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

கணக்கு விஷயத்தில் முதல் சறுக்கல், பொருளாளரின் சொந்த ஜி-பே. அவசரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்கும், அப்புறம் அதுவே பழகிவிடும். சின்ன ஊரில் பொருளாளர் வீட்டில் ஏசி மாட்டினால் போதும், டீக்கடையில் மீதிக் கதையை எழுதிவிடுவார்கள். அறக்கட்டளை பெயரில் கணக்கு, அந்தக் கணக்குக்கே கியூஆர் அட்டை, செக்கில் இரண்டு பேர் கையெழுத்து. இதெல்லாம் ஆன பிறகு நோட்டீஸ் அடித்தால் போதும்.

‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்று, கொட்டை எழுத்தில் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே கிடையாது, மாதச் சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். பொருளாகத் தந்தால் கிடையாது, அதனால் அரிசி மூட்டைக்கு எழுதும் ரசீது வரிக்கு உதவாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. மார்ச் கடைசியில் ஒருவர் 6,000 ரொக்கம் கொடுத்துவிட்டு, “மூணு ரசீதா, வேற வேற தேதில போட்டுக் குடுங்க” என்றார். பழக்கமானவர், பெரிய மனிதர். மறுத்தேன். இரண்டு மாதம் பேசவில்லை. போதாததற்கு, 2021-22 நிதியாண்டு முதல் வெறும் ரசீது மட்டும் செல்லாது. கொடுத்தவரின் பான் எண்ணோடு வரித்துறைக்கு விவரம் தாக்கல் செய்து, அங்கிருந்து சான்றிதழ் இறக்கித் தர வேண்டும். பணம் வாங்கும்போதே பான் கேட்காவிட்டால், தாக்கல் செய்யும் மே மாதம் வீடு வீடாக அலைய வேண்டியதுதான்.

வெளிநாட்டுப் பணத்தில் தெரியாமல் செய்தாலும் குற்றம் குற்றமே. சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவன் பக்கத்து வீட்டிலேயே பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் வந்து விழ வேண்டும். பதிவு கேட்பதற்கே மூன்று வருடச் செயல்பாடும் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் “உங்க அன்பே போதும்” என்று சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. இது சட்டத்தில் வராது. மூன்று வருடத்துக்கு முன் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றவர், தானே வந்து கொடுக்க ஆசைப்பட்டார். அழைத்துப் போனோம். வாசலில் நின்று கேரியரை வாங்கிய பாட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். பத்து குழுவுக்குப் போயிருக்கும். மறுநாள் மதியம் பாட்டி கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் போனேன். “எம் பேத்திய குடுத்த வீட்டுல அந்தப் போட்டோவக் காமிச்சு கேட்டாங்களாம் தம்பி” என்றார். “சோறு வேண்டாம்னு சொல்லல. இனிமே பின்வாசல்ல வச்சிட்டுப் போயிருங்க.”

அன்றோடு சாப்பாடு வாங்குகிறவர்களைப் படம் எடுப்பதை நிறுத்தினோம். பிறந்தநாள்காரர்கள் சமையல் கொட்டகைக்கு வரலாம், வெங்காயம் உரிக்கலாம், கேரியர் கட்டலாம், வேண்டிய மட்டும் கேரியரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அது பிடித்தே இருக்கிறது. பெரியவர்களில் இரண்டு பேர் மட்டும், “எங்க பணம் எங்க போகுதுன்னு நாங்க பாக்கக்கூடாதா?” என்று கோபித்துக்கொண்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஆளுக்கு 500. அந்த ஆயிரத்தை இன்னும் ஈடுகட்ட முடியவில்லை.