தோட்டத்து வீட்டில் சொந்தக் கரண்ட், சொந்தத் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கி, ஈ.பி. லைனும் வேண்டாம், தண்ணீர் லாரியும் வேண்டாம், சோலாரும் மழைத் தண்ணீருமாக இருந்துகொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல ஆசை, நடக்கக்கூடியதும்தான். ஆனால் பலரும் முதல் கணக்கிலேயே சறுக்குகிறார்கள். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிறது, ஓரளவு மழையும் பெய்கிறது என்று சராசரியை வைத்துத் திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

கொங்கு நாட்டில் கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே மாதத்தில் தட்டுப்பாடு வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் தொட்டி நிரம்பி வழியும், பேட்டரி ஏறாது. மாசி, பங்குனியில் பேனல் அள்ளிக் கொடுக்கும், கிணறு அடி தெரியும். ஆகவே கரண்டைக் கார்த்திகைக்கும் தண்ணீரைப் பங்குனிக்கும் கணக்குப் போட வேண்டும். நான் சொல்லவரும் மற்ற எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம்?" அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு உள்ளே. பழைய ஃபேன் என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு யூனிட், லைட், டிவி, செல்போன் சார்ஜர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை யூனிட். மோட்டாருக்கு ஒரு யூனிட். ஆக, சிக்கனமான ஒரு குடும்பத்துக்கு நாலரை யூனிட் என்று வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் தெளிவான நாளில் 4 யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். அப்படியானால் ஒரு கிலோவாட்டே போதும்போலத் தோன்றும். மூடாக்கு நாளில் அதே பேனல் மூன்றில் ஒரு பங்குகூடத் தராமல் போகும். இரண்டு, இரண்டரை கிலோவாட்டாவது வேண்டும் என்று நான் சொல்வது அந்த நாளை நினைத்துத்தான். பேனல் விலை இறங்கிவிட்டது, பேட்டரி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. பேனலைத் தாராளமாகப் போட்டுப் பேட்டரியை அளவாக வைப்பதே புத்திசாலித்தனம்.

இதோடு சேர்ந்த ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது என்றதும், அதையே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்த மானியம் ஈ.பி. லைனோடு இணைக்கிற அமைப்புக்குத்தான். அதில் வரும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடி நிறையப் பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றாத நிலை வரும். லைனே இல்லாத வீட்டுக்குப் பேட்டரியோடு கூடிய ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். லைன் இருக்கிற வீட்டுக்கு, லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர் நல்லது. லைன் ஏற்கெனவே இருந்தால் வைராக்கியத்துக்காக அதைத் துண்டிக்க வேண்டாம். கார்த்திகையில் பத்து நாள் அது உதவினால் பேட்டரிச் செலவில் பெரிய தொகை மிச்சம். அதேபோல, தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பதும் வேண்டாம். அது முறைகேடு, பிடித்தால் அபராதம்.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். சாயங்காலம் ஏழு மணி. குளியலறைக் குழாயில் காற்றுதான் வருகிறது. யாரோ போய் போர் மோட்டார் ஸ்விட்சைத் தட்டுகிறார்கள். இன்வெர்ட்டர் உறுமுகிறது, லைட் மங்குகிறது, 'பீப்' என்று ஒரு சத்தம், வீடே இருட்டு. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் பக்கம்தான் இழுக்கும். கிளம்புகிற அந்த நொடியில் மட்டும் அதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். இது தெரியாமல் அடுத்த நாளே பெரிய இன்வெர்ட்டரும் இன்னும் இரண்டு பேட்டரியும் வாங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. மோட்டாருக்குத் தனியாகச் சில பேனல்களும், வேகத்தை மெல்ல ஏற்றுகிற சோலார் டிரைவும் வைத்துவிட்டால் பேட்டரியைத் தொடாமல் பகலிலேயே தண்ணீர் ஏறிவிடும். பகலெல்லாம் ஓடும் சிறிய மோட்டார், உயரத்தில் 5,000 லிட்டர் தொட்டி, இரவில் குழாயைத் திறந்தால் தானாக இறங்கும் தண்ணீர். கரண்டைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது எப்போதும் மலிவு. ட்யூபுலர் எனும் லெட் ஆசிட் பேட்டரியைச் சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும். தொட்டிக்கு அந்தக் கவலை கிடையாது.

ஆழமும் கரண்ட்தான். 300 அடியிலிருந்து 1,000 லிட்டர் ஏற்ற முக்கால் யூனிட்டுக்குள் ஆகும். 1,000 அடியிலிருந்து ஏற்ற இரண்டு யூனிட் வேண்டும். பல்லடம், சூலூர், அவினாசிப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் சாதாரணம். அப்படிப்பட்ட இடத்தில் நிலம் வாங்கிவிட்டு, சோலாருக்கு மட்டும் தனியாக எஸ்டிமேட் கேட்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்த பிறகுதான் பேனல் கணக்கே தொடங்க வேண்டும்.

பேட்டரியில் அட்டையில் போட்டிருக்கிற அளவு முழுவதும் நமக்குக் கிடைக்கும் என்று நம்புவது இன்னொரு தவறு. 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) பேட்டரி நாலு வைத்தால் கணக்குப்படி 7.2 யூனிட். லெட் ஆசிட் வகையைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் படுவேகமாகக் குறையும், அதனால் நமக்கு உண்டானது 3.6 யூனிட்தான். லித்தியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். விலை கூடுதல், ஆனால் நிரந்தரமாகக் குடியிருக்கிற வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். லெட் ஆசிட் வைத்தால் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். வெந்நீருக்கு கீஸர் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். தோட்டத்தில் தென்னை மட்டையும் பன்னாடையும் கிடக்கும்போது வெந்நீர் அடுப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் கூரையில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. மாவாட்டுவதையும் துணி துவைப்பதையும் உச்சிப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பேனல் வைக்கும் இடத்தில் தென்னை மரத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருப்பதால், ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் அந்தப் பேனலின் உற்பத்தி பெருமளவு இறங்கிவிடும். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை நிழல் படாத இடமாக, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போதும் நிழல் படாத இடமாகப் பாருங்கள். தெற்குப் பார்த்து 11 முதல் 15 டிகிரி சாய்வு போதும்.

ஆடிக் காற்றை வெளியூர்க்காரர்கள் லேசாக எடைபோடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் தொடங்கும் காற்று புரட்டாசி வரை விடாது. ஸ்டாண்டைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்காமல் வெறும் கல்லை வைத்து நிறுத்தியிருந்தால் பேனல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். காற்றோடு வரும் புழுதியும் பேனலில் படியும். வாரத்துக்கு ஒரு முறை வெயில் ஏறுவதற்கு முன் துடைக்க வேண்டும்.

அதே காற்றைப் பார்த்து, "நம்ம வீட்டு மேலேயும் ஒரு காத்தாடி வைக்கலாமே" என்ற ஆசையும் வரும். உடுமலை, பல்லடம், தாராபுரம் வழியில் நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தால் யாருக்கும் வரும். அவை நிற்கும் உயரத்தை நினைத்துப் பாருங்கள். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வீட்டுக் கூரை உயரத்தில் தென்னந்தோப்பும் சுவரும் காற்றை உடைத்துவிடுகின்றன. கார்த்திகையில், நமக்குக் கரண்ட் தேவைப்படுகிற அதே நேரத்தில், காற்றும் இருக்காது. அந்தப் பணத்தைக் கூடுதல் பேனலில் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர். கோவை, திருப்பூர்ப் பக்கம் பல இடங்களில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. மலை மறைவுப் பிரதேசம் இது. 1,000 சதுர அடிக் கூரையில் 650 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர் விழும், சேதாரம் போக 48,000 லிட்டர் சேரும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 14,600 லிட்டர். தாராளமாகப் போதும். குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 55 லிட்டர் என்று பார்த்தால் 80,000 லிட்டர் தாண்டும், அதற்குக் கூரை பற்றாது. எனவே மழைத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, மற்றதற்குக் கிணற்றையோ போரையோ நம்புவதுதான் நடைமுறை. 10,000 லிட்டர் சம்ப் கார்த்திகையில் நிரம்பினால் ஆடி வரைக்கும் தாங்கும்.

சம்ப் கட்டுகிறவர்கள் முதல் மழையை வெளியே விடும் குழாயை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்காகக் கூரையில் கிடந்த பறவை எச்சமும் தூசியும் நேராகக் குடிநீரில் போய் விழும். முதல் நூறு, நூற்றைம்பது லிட்டரைத் தனியாகத் திருப்பி விடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் புகக்கூடாது, புகுந்தால் பாசி. எல்லா வாய்க்கும் சன்னமான வலை வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசு. இப்படிப் பிடித்த மழைத் தண்ணீரை ஆர்.ஓ. மெஷினில் விடுவது பெரிய அநியாயம். ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கொட்டிவிடும். வடிகட்டிக் காய்ச்சினாலே போதும்.

போர் தண்ணீர் அப்படியல்ல. உப்பும் ஃபுளோரைடும் கொதிக்க வைத்தால் போகாது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லாவிட்டால்தான் 1.5 வரை. கரைந்த உப்புக்கு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதிகபட்சம் 2,000. நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள், முக்கியமாக நொய்யல் ஓரத்தில் திருப்பூருக்குக் கீழே வாங்குகிறவர்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, சுற்றியிருந்த கிணறுகள் கெட்ட கதை அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். அவர்களிடம் உட்கார்ந்து பேசினால் எந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட மோந்துவிட்டுப் போகும் என்பதுவரை சொல்வார்கள்.

சமையலுக்கும் வெளியே கை ஏந்த வேண்டாம் என்று சாண எரிவாயுவுக்கு இரண்டு கன மீட்டர் கலன் போட்டால் நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. ஒரு காங்கேயம் பசுவை மட்டும் கட்டிவிட்டு அந்தக் கலனைக் கட்டினால் அடுப்பு எரியாது. சாணத்தோடு அதே அளவு தண்ணீரும் கரைக்க வேண்டியிருக்கும், அந்த 50 லிட்டரையும் பங்குனிக் கணக்கில் சேருங்கள்.

வற்றிப்போன பழைய போர் தோட்டத்தில் இருந்தால், மழைத் தண்ணீரை நிலத்தடிக்கு இறக்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வாய்க்காலை நேராகத் திருப்பி விடாதீர்கள். காட்டில் ஓடிவரும் தண்ணீரில் சாணியும் மருந்தடித்த மண்ணும் கலந்திருக்கும், அது நேராக நிலத்தடித் தண்ணீரில் போய்ச் சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வரைக்கும் கெடுக்கும். போரைச் சுற்றிக் குழி எடுத்து, கீழே பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல் போட்டு, அதில் வடிந்து இறங்குகிற மாதிரி செய்யுங்கள். கக்கூஸ் தொட்டி கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் 50 அடியாவது தள்ளி, சரிவில் கீழ்ப்புறமாக இருக்கட்டும். போர்க் குழாயின் வாய்க்கு இன்றைக்கே இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கிவிடுங்கள், தோட்டத்துக்குக் குழந்தைகள் வருவார்கள்.